எண்ணத்துக்கு ஒரு மறுமொழி



இந்த உரையின் அழைப்பிதழில் 'தன்னை ஆளுதல்: பாலைவனத் துறவிகளும் இன்றைய உளவியலும்' என்று போட்டிருக்கிறார்கள். எகிப்துப் பாலைவனத்தைப் பற்றிப் பேச மயிலாப்பூர்க் கச்சேரி சாலைப் பக்கம் எதற்குக் கூட வேண்டும் என்று சிலர் நினைத்திருக்கலாம். அந்தச் சாலையில் கிழக்கே கடலைப் பார்த்து நடந்தால் பதில் கிடைத்துவிடும்.

அங்கே சாந்தோம் பேராலயத்தில் கல்லறை கொண்ட திருத்தூதர் தோமையார் எப்படி இறந்தார் என்று கேட்டால், நம் ஊரார் பரங்கிமலையையும் ஓர் ஈட்டியையும் சொல்வார்கள். அந்த ஈட்டி ஏன் பாய்ந்தது? ஊர்க்கதைகள் பலவிதம். ஆனால் நம்மிடம் இருக்கும் மிகப் பழைய எழுத்து, மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமையார் பணிகள்', சொல்லும் காரணம் புலனடக்கம். இந்தியாவில் மஸ்தாய் என்றொரு அரசன். அவனுடைய உறவினனின் மனைவி மிக்தோனியா, தோமையாரின் போதனையைக் கேட்டுக் கணவனின் படுக்கையைத் துறக்கிறாள். புத்தி சொல்லி அவளைத் திருப்பப் போன அரசி தெர்த்தியாவும் அதே வழியில் போய்விடுகிறாள். பொறுக்காத அரசன், நான்கு வீரர்களை அனுப்பித் தோமையாரை ஈட்டியால் குத்தவைக்கிறான். நூலில் மயிலாப்பூர் என்ற பெயர் இல்லை. ஊர்மரபுதான் கதையை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. வரலாறு என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கணவன்மார் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நான் கவனிப்பது வேறு: இந்த ஊரின் கிறிஸ்தவ மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட முதல் கதையே, ஆசையை ஆள்வது பற்றிய கதை.

ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் தூர் நகர ஆயராக இருந்த கிரகோரியார், இந்தியாவுக்குப் போய்வந்த ஒருவர் சொன்னதாக ஒரு குறிப்பு எழுதினார். தோமையாரின் உடல் முதலில் கிடந்த இடத்தில் பெரிய ஆலயமும் துறவு மடமும் இருக்கின்றன என்பது அந்தக் குறிப்பு. 1547-இல் போர்த்துகீசியர் பரங்கிமலையில் கோயில் கட்டத் தோண்டியபோது, பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவை கிடைத்தது. பழைய பாரசீகத் திருச்சபையின் கைவேலை அது. அந்தச் சபை சிரியாக்கில் வேண்டியது, சிரியாக்கில் படித்தது. அதன் துறவிகள் மனத்தைப் பற்றிப் படித்தபோது எல்லாருக்கும் மேலாக ஒருவரைக் குருவாக வைத்திருந்தார்கள். கிரேக்க உலகம் 553-இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தில் கண்டனம் செய்து ஒதுக்கிய மனிதர் அவர். அவருடைய நூல்களில் சில, கிரேக்க மூலம் தொலைந்துபோய், சிரியாக் மொழிபெயர்ப்பில் பிழைத்திருக்கின்றன. பெயர் எவாக்ரியுஸ்.

அவரிடம் போவதற்கு முன் ஒரு சர்ச்சையை ஓரமாக வைத்துவிடுகிறேன். ஜி.யு. போப் 1886-இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களோடு பேசி நடந்திருக்கலாம் என்று ஒரு கற்பனையை முன்னுரையில் ஓடவிட்டார். அதிலிருந்து கிளம்பிய, குறள் கிறிஸ்தவத்திடம் கடன்பட்டதா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. அடக்கத்தைப் பற்றி யோசிக்க யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டாம். பசியும் கோபமும் எல்லா ஊரிலும் இருந்தவை.

எவாக்ரியுஸ் 345 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியான பொந்து நாட்டில் பிறந்தவர். கெட்டிக்காரர், நல்ல பேச்சாளர். நசியான்சு கிரகோரியார் அவருக்குத் திருத்தொண்டர் பட்டம் கொடுத்துக் கான்ஸ்டான்டினோபிளில் தன்னோடு வைத்துக்கொண்டார். அங்கே ஓர் உயர் அதிகாரியின் மனைவிமேல் காதல் வந்தது. அவளுக்கும் அவர்மேல். ஒரு கனவில் பயந்து, கப்பலேறி எருசலேமுக்கு ஓடினார். ஓடிப்போனதும் திருந்தினாரா? இல்லை. நன்றாக உடுத்திக்கொண்டு வளைய வந்தார் என்று அவருடைய சீடர் பல்லாடியுஸ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு ஆறு மாதக் காய்ச்சல். மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. எருசலேமில் மடம் நடத்திய மெலானியா என்ற அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே இருப்பதைச் சொல் என்று கேட்டு வாங்கினார். சொன்ன பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. 383 வாக்கில் எகிப்துக்குப் போனவர், 399-இல் இறக்கும்வரை பாலைவனத்திலேயே இருந்தார். நூல்களைப் படியெடுத்து எழுதிக்கொடுப்பது பிழைப்பு.

இந்த வரலாற்றை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆசையிலிருந்து தப்பி ஓடிய மனிதர், ஓடுவதால் தீரவில்லை என்று கண்டபின், உட்கார்ந்து அதைக் கவனிக்கத் தொடங்கினார். கவனித்ததை 100 சிறு அத்தியாயங்களில் 'பிராக்டிகோஸ்' என்ற நூலாக எழுதினார். தமிழில் 'பயிற்சி நூல்' என்று சொல்லலாம். உளவியல் பாடம் நடத்திய எனக்கு அதில் அதிர்ச்சி தந்தது பக்தி அல்ல, அதன் மருத்துவமனைக் குறிப்பேட்டுத் தன்மை. மனத்தைத் தொந்தரவு செய்யும் எண்ணங்களை அறிய விரும்பும் துறவி என்ன செய்ய வேண்டும்? எந்த எண்ணம் எவ்வளவு கடுமையாக வருகிறது, எப்போது தணிகிறது, எவ்வளவு இடைவெளியில் திரும்புகிறது, எதன் பின்னால் எது வருகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறார். இன்று மனநல ஆலோசகர் கொடுக்கும் எண்ணப் பதிவுத் தாளில் இருக்கும் கட்டங்கள் கிட்டத்தட்ட இவைதான். 1960-களில் ஆரன் பெக் மனச்சோர்வு நோயாளிகளிடம், அவர்கள் அறியாமலே மனத்தில் ஓடிவிடும் எண்ணங்களைப் பிடித்து எழுதச் சொன்னார். அறிவாற்றல் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. எவாக்ரியுஸைப் படித்துவிட்டு அவர் அதைச் செய்யவில்லை. நோயாளியைக் கவனித்துச் செய்தார்.

எவாக்ரியுஸ் கண்ட எண்ணங்கள் எட்டு: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, செருக்கு. இவை பாவங்களின் பட்டியல் அல்ல, வந்துபோகும் எண்ணங்களின் பட்டியல். அவை வருவதும் வராமலிருப்பதும் நம் கையில் இல்லை, தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் என்று தெளிவாக எழுதினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, ரோமைத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் கையில் இது ஏழாகச் சுருங்கியது. துயரத்துக்குள் சலிப்பு அடங்கியது, பொறாமை சேர்ந்தது, செருக்கு மற்றவற்றின் வேராகத் தனியே நின்றது. பின்னால் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் காய்மகாரம், போசனப்பிரியம், உலோபித்தனம் என்று மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழும் இந்த வழியில் வந்தவையே. பட்டியல் பிழைத்தது, அதிலிருந்த உளவியல் போய்விட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்ன கருவி, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு எடுத்துப்போகும் கணக்காகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

எவாக்ரியுஸ் எப்படிப் பார்த்தார் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். முதலாவது பொருளாசை. பொற்காசுக் குவியலைக் கனவு காண்பதையா எழுதினார்? இல்லை. நீண்ட முதுமை, உழைக்க முடியாமல் போகும் கை, வரப்போகும் பஞ்சம், நோய், கடைசியில் தேவைக்காக இன்னொருவரிடம் கைநீட்டும் அவமானம் என்று எண்ணம் படிப்படியாகக் காட்டிக்கொண்டே போகும் என்கிறார். வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கி வாசலில் நிற்கும் மயிலாப்பூர்ப் பெரியவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. பொருளாசையின் வேர் பேராசை அல்ல, பயம் என்று நான்காம் நூற்றாண்டில் ஒருவர் கண்டிருக்கிறார்.

இரண்டாவது சலிப்பு. 'நடுப்பகல் பசாசு' என்று அவர் அழைத்தது இதைத்தான். காலை பத்து மணி வாக்கில் வந்து இரண்டு மணிவரை அழுத்தும். சூரியன் நகராது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பார், எழுந்து வெளியே வந்து சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வானத்தை அளப்பார், யாராவது வருகிறார்களா என்று அக்கம்பக்கம் நோட்டம் விடுவார். பிறகு இடம் பிடிக்காது, வேலை பிடிக்காது. இங்கே யாருக்கும் யார்மேலும் அன்பில்லை என்று தோன்றும். அண்மையில் எவனாவது மனம் நோகச் செய்திருந்தால் எண்ணம் அதையும் கொண்டுவந்து சேர்க்கும். வேறு ஊரில் இதைவிட எளிதாகப் பிழைக்கலாமே என்று ஓதும். வீட்டாரை நினைவூட்டும். கடைசியில், இன்னும் எத்தனை ஆண்டு இப்படியே வாழ வேண்டும் என்று ஆயுளை விரித்துக் காட்டும். தியாகராய நகரில் ஓர் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்து கணினி முன் உட்கார்ந்திருக்கும் இளைஞன் செய்வதும் இதேதான். சூரியனுக்குப் பதில் கைபேசியைப் பார்க்கிறான்.

இனி மருந்துக்கு வருகிறேன். நம்மில் பலர் மனவலிமை என்று ஒன்றை நம்புகிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை. பாலைவனத்திலும் அது இருந்தது. காமத்தின் தொல்லை தாங்காமல் எவாக்ரியுஸே குளிர்கால இரவொன்றில் உடையின்றிக் கிணற்றில் நின்றிருக்கிறார். ரொட்டியும் எண்ணெயும் அளந்து, பழமும் காயும் விலக்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். இறுதிக் காலத்தில் சமைத்த உணவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. உடம்பைப் பகைவனாகப் பார்த்த இந்த முரட்டுத்தனத்தையும், பெண்ணைக் கண்டாலே ஆபத்து என்று நினைத்த பயத்தையும் நாம் வழிபட வேண்டியதில்லை. நூலில் அவர் மற்றவர்களுக்குச் சொல்வது பெரும்பாலும் மிதமான வழிதான்.

இன்றைய உளவியலும் இதே முரட்டு நம்பிக்கையில் கொஞ்ச காலம் மாட்டிக்கொண்டது. 1998-இல் ராய் பவுமைஸ்டரும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சுடச்சுடச் சாக்லேட் பிஸ்கட் மணக்கும் அறையில், சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். பிறகு தீர்வே இல்லாத ஒரு புதிரைக் கொடுத்தபோது, முள்ளங்கி தின்றவர்கள் எட்டு நிமிடம் சொச்சத்தில் விட்டுவிட்டார்கள். பிஸ்கட் தின்றவர்கள் 19 நிமிடம் வரை முயன்றார்கள். மனவலிமை செலவழிந்து தீரும் பொருள் என்ற கொள்கை இதிலிருந்து எழுந்து, ஆயிரக்கணக்கான மேடைப் பேச்சுகளுக்குத் தீனியானது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, இந்த விளைவைத் தேடிப் பார்த்தன. ஏறக்குறைய ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பின்னால் நன்றாக வரும் என்ற வால்டர் மிஷெலின் புகழ்பெற்ற சோதனையும் 2018-இல் இளைத்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இந்தச் சோதனையை மேற்கோள் காட்டிப் பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மிஷெல் தாமே சொன்னதும் வலிமையைப் பற்றியல்ல: காத்திருந்த பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் 1987-இல் டேனியல் வெக்னர் காட்டினார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி ஓயவில்லை. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. பாலைவனத்தில் போயிமென் என்ற மூத்த துறவியிடம் ஒரு சீடன், எண்ணங்கள் என்னைக் கொல்கின்றன என்று முறையிட்டானாம். அவர் அவனை வெட்டவெளிக்கு அழைத்துப்போய், மேலாடையை விரித்துக் காற்றைப் பிடிக்கச் சொன்னார். முடியாது என்றான். எண்ணம் வருவதைத் தடுப்பதும் அப்படித்தான், எதிர்த்து நிற்பது மட்டும் உன் வேலை என்று அனுப்பிவைத்தார்.

எதிர்த்து நிற்பது என்றால் எப்படி? எவாக்ரியுஸ் 'எதிர்வாதம்' என்று ஒரு நூலே எழுதினார். சிரியாக்கில் பிழைத்த நூல்களில் இது ஒன்று. எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதி, மொத்தம் ஏறத்தாழ 500 சிறு பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சூழல் அச்சுப்பிசகாமல் வர்ணிக்கப்படும்: ரொட்டி போதாது என்று சொல்லும் எண்ணத்துக்கு, உண்ணாநோன்பால் ஈரல் கெடும் என்று பயமுறுத்தும் எண்ணத்துக்கு, பெற்றோரின் வீட்டை நினைவூட்டும் எண்ணத்துக்கு என்று. அடுத்த வரியில் அதற்குச் சொல்ல வேண்டிய ஒரு மறைநூல் வசனம். வேளை வரும்போது தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது, ஆகவே முன்கூட்டியே மறுமொழி கையில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய முறையை இதன் பக்கத்தில் வையுங்கள். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று பொதுவாகத் தீர்மானிப்பது பலவீனமானது. மாலையில் நண்பர் கூப்பிட்டால் இன்ன வார்த்தை சொல்வேன், இன்ன இடத்துக்குப் போவேன் என்று 'இப்படி நடந்தால் இப்படி' வடிவத்தில் எழுதிவைப்பது வலுவானது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடுத்தரத்துக்கு மேற்பட்ட பலன் தெரிந்தது. தீர்மானம் எடுக்கும் வேலை முன்பே முடிந்துவிடுவதால், சூழல் வந்தவுடன் செயல் தானாகக் கிளம்புகிறது என்பது அவர் விளக்கம். எவாக்ரியுஸின் 500 பதிவுகளும் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. அவருக்குப் பின்னால் கடவுள் இருந்தார், கோல்விட்சருக்குப் பின்னால் புள்ளிவிவரம். இயந்திரம் ஒன்றே.

பசாசு என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணத்தைப் பசாசு என்று அழைத்த துறவிக்கு, இந்த எண்ணம் நான் இல்லை, என்னிடம் வந்த ஒன்று என்ற இடைவெளி இலவசமாகக் கிடைத்தது. இன்றைய சிகிச்சைகள் சில, எண்ணத்தைத் தன்னிலிருந்து பிரித்துத் தள்ளி நின்று பார்க்கவைக்க அமர்வு அமர்வாகப் பாடுபடுகின்றன. ஆபத்து என்னவென்றால், பசாசு தன் உள்ளத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஏறிவிடும். அப்படி ஏறிய வரலாறுகள் நிறைய.

இனி, எழுதுவதும் சொல்வதும். வனத்து அந்தோணியார் 251 வாக்கில் பிறந்து 356-இல் இறந்தவர். கோடி அற்புதர் பதுவை அந்தோணியார் வேறு, இவர் காலடியில் பன்றியோடு இருப்பவர். செய்ததையும் நினைத்ததையும் மற்றவரிடம் சொல்லப்போவதுபோல எழுதிவையுங்கள், கூச்சமே காவலாகும் என்று அவர் சீடர்களிடம் சொன்னதாக அத்தனாசியார் எழுதிய வரலாறு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டு யோவான் கிளிமாக்குஸ், ஒரு மடத்தின் உணவறைப் பொறுப்பாளர் இடுப்பில் சிறு ஏட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்ததைக் கண்டார். அன்றன்று வரும் எண்ணங்களை அதில் குறித்து, அப்படியே மடத்தலைவரிடம் ஒப்பித்துவிடுவாராம். இந்த ஏட்டு வழக்கம் பிற்காலத்தில் மயிலாப்பூருக்கும் வந்தது. 1534-இல் பாரிசில், சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளைச் செய்து முடித்த பிரான்சிஸ் சவேரியார், 1545 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை சாந்தோமில் விகார் கஸ்பார் கொயேல்யுவோடு தங்கியிருந்தார். கிழக்கே போவதா வேண்டாமா என்று குழம்பியிருந்தவர், தோமையாரின் கல்லறையில் வேண்டித் தெளிவு பெற்றதாக மே 8-ஆம் தேதி இங்கிருந்து கோவாவுக்குக் கடிதம் எழுதினார். இரவில் வேண்டும்போது பசாசுகள் அவரை அடித்ததாகப் பின்னால் வந்த வரலாறுகள் சொல்கின்றன. வனத்து அந்தோணியாருக்கு நடந்ததாகச் சொல்லப்படுவதன் அச்சு.

இஞ்ஞாசியாரின் அந்தப் பயிற்சிகளில் ஒரு பகுதி மிகவும் சாதாரணமானது. திருத்த வேண்டிய ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதை நினைவில் நிறுத்த வேண்டும். தவறும்போதெல்லாம் பிறருக்குத் தெரியாமல் நெஞ்சில் கைவைக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை என்று எண்ணி, நாளுக்கு இரண்டு கோடு போட்டு, கோட்டின்மேல் புள்ளி வைக்க வேண்டும். மதியத்தோடு இரவை, நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட வேண்டும். நடத்தை மாற்றத்தில் 'தன் கண்காணிப்பு' என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் இதற்குமேல் அதிகம் இல்லை. மந்தைவெளியில் மாதா சர்ச் சாலை தியான ஆசிரமத்தில் இன்றும் இஞ்ஞாசியார் வழியில் ஞான ஒடுக்கம் நடக்கிறது.

இதே வழி ஒரு மருத்துவமனையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க அடையாறுக்குப் போகிறேன். 1979-இல் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இறந்தார். மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் ஹேசல்டன் சிகிச்சை மையத்தில் பயிற்சி பெற்று, 1980-இல் கணவர் பெயரில் ஓர் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். குடியை ஒழுக்கக் கேடு என்று ஏசாமல் நோய் என்று பார்ப்பதும், குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைப்பதும் அங்கே அடிப்படை. ஹேசல்டன் முறைக்குப் பின்னால் 1935-இல் தொடங்கிய 'பெயர் தெரியாத குடிநோயாளிகள்' இயக்கத்தின் பன்னிரண்டு படிகள் இருக்கின்றன. என் குடியை என்னால் ஆள முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது முதல் படி. தன் குறைகளைக் கணக்கெடுப்பதும், இன்னொரு மனிதரிடம் அவற்றை அப்படியே சொல்வதும் பின்னால் வருபவை. 1940-இல் எட்வர்ட் டவ்லிங் என்ற சேசு சபைக் குரு, இந்தப் படிகளுக்கும் இஞ்ஞாசியாரின் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்து, படிகளை எழுதிய பில் வில்சனைத் தேடிப் போனார். வில்சன் அதுவரை அந்தப் பயிற்சிகளைப் பற்றி அறிந்திருக்கவில்லை.

மீள்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும் வரும்போது ஜாக்கிரதை. எவாக்ரியுஸ் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார். ஆலன் மார்லட் 1985-இல் விளக்கிய ஒன்றும் அவர்களுக்கு அனுபவமாகத் தெரியும். ஒரு கிளாஸ் குடித்துவிட்டவன் அந்த ஒரு கிளாஸால் விழுவது குறைவு. எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான் என்ற நினைப்பில்தான் முழுப் புட்டியும் காலியாகிறது. விழுந்தவனை மூத்த துறவிகள் திட்டாமல் எழுந்து உட்காரச் சொன்ன கதைகள் பாலைவன மரபில் ஏராளம். அவர்களுக்கு இதயம் இளகியதாக இருந்தது என்பதைவிட, அனுபவம் இருந்தது என்பேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும், 1986-இல் லட்சுமி விஜயகுமார் நிறுவிய 'சினேகா', தற்கொலை எண்ணம் கொண்டவர்களுக்காகத் தன்னார்வலர்களை வைத்துச் செய்வதும் முதலில் காதுகொடுத்துக் கேட்பதுதான். மெலானியா காய்ச்சல்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து செய்ததும் அதுவே.

ஆக, பாலைவனத் துறவிகளின் வழியும் இன்றைய உளவியலும் ஒன்றேயா? இல்லை. இங்கேதான் எனக்கும் என் சக உளவியலாளர்களுக்கும் கருத்து வேறுபாடு.

2012-இல் வில்ஹெல்ம் ஹோஃப்மனும் குழுவினரும் ஜெர்மனியில் 205 பேரிடம் கருவி கொடுத்து, ஒரு வாரம், இந்த நேரத்தில் என்ன ஆசை என்று அடிக்கடி கேட்டுப் பதிந்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேல் ஆசைகள் சேர்ந்தன. தன்கட்டுப்பாடு மிக்கவர்கள் அதிகமாகப் போராடுகிறவர்கள் அல்ல, போராட்டமே குறைவாக உள்ளவர்கள் என்று தெரிந்தது. சோதனை வராதபடி வாழ்வை அமைத்துக்கொள்கிறார்கள். துறவிக்கு இது பாதி வழி. கொந்தளிப்பு அடங்கிய நிலையை எவாக்ரியுஸ் உயர்வாகச் சொன்னார். ஆனால் அதன் பிள்ளை அன்பு என்று அதே மூச்சில் எழுதினார். உளவியல் கட்டுப்பாட்டை அளந்து, நல்ல மதிப்பெண், நல்ல சம்பளம், குறைந்த உடல் எடை என்று விளைவுகளோடு நின்றுவிடுகிறது. எதற்காக ஆள வேண்டும் என்ற கேள்வியை அந்தந்த ஆளிடமே விட்டுவிடுவதில் ஒரு நாகரிகம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

எவாக்ரியுஸ் பட்டியலின் கடைசி இரண்டைப் பாருங்கள். வீண்பெருமையும் செருக்கும், மற்ற ஆறையும் வென்றவனைத் தேடி வருபவை. வீண்பெருமை துறவிக்கு என்ன படம் காட்டும் என்று எவாக்ரியுஸ் எழுதியிருப்பதில் நகைச்சுவை இருக்கிறது: நோயாளிகள் குணமாகிறார்கள், கூட்டம் வாசலில் நிற்கிறது, மேலாடையைத் தொட முண்டியடிக்கிறது. குருப்பட்டம் கொடுக்கக் கட்டித் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வருகிறார்கள். இவர் வேண்டாம் வேண்டாம் என்கிறார். சென்னையில் பொன்னாடை போர்த்திக்கொண்ட யாருக்கும், இன்று மாலை உங்கள் முன் நிற்கிறவர் உட்பட, இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. இதை ஒழிக்க எடுக்கும் முயற்சியே இன்னொரு பெருமையின் விதையாகிவிடும் என்பதையும் அவர் கண்டிருந்தார். நல்லது செய்தவர் அடுத்துக் கொஞ்சம் கெட்டது செய்யத் தனக்கே அனுமதி கொடுத்துக்கொள்வதை மோனினும் மில்லரும் 2001-இல் சோதனையில் காட்டினார்கள். உளவியல் அதை ஒரு வினோதமான பிழையாகக் குறித்துவைத்தது. துறவிகள் அதைப் பயணத்தின் மிக ஆபத்தான இடமாக வைத்தார்கள். அவர்கள் பக்கமே என் ஓட்டு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சர்க்கரையை விட்டு, கைக்கடிகாரத்தில் காலடி எண்ணுகிறவர், எண்ணாத மற்றவர்களைப் பார்க்கும் பார்வையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு இந்த மண்ணிலிருந்தே ஒரு கடினமான உதாரணம். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த ராபர்ட் தெ நோபிலி, 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, நாளுக்கு ஒருவேளை சோறும் காயும் உண்டு வாழ்ந்தார். பார்வை மங்கிய முதுமையில் மயிலாப்பூருக்கு வந்து, 1656 ஜனவரி 16-இல் இங்கேயே இறந்தார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததும், தன்னை வருத்திக்கொண்ட நேர்மையும் பெரியவை. ஆனால் மதுரையில் ஏற்கெனவே பரதவக் கிறிஸ்தவர்களிடையே வேலைசெய்த தன் சேசு சபைத் தோழர் கொன்சாலோ பெர்னாண்டஸோடு அவர் சேர்ந்து சாப்பிடவில்லை. சாப்பிட்டால் உயர்சாதியார் தன்னை நெருங்கமாட்டார்கள் என்பது காரணம். நாக்கை ஆண்ட அந்தப் பந்தியில் சாதி உட்கார்ந்துகொண்டது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. உணவுக் கட்டுப்பாடு எவ்வளவு எளிதாக இன்னொருவரை வெளியே நிறுத்தும் கோடாகிவிடுகிறது என்பது தமிழ்நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாலைவனத்தார் இதை வேறுவிதமாக வைத்திருந்தார்கள். எவாக்ரியுஸின் வழியைப் பின்பற்றி, அந்தப் போதனைகளைப் பிரான்சின் மார்செய் நகருக்குக் கொண்டுபோனவர் யோவான் கசியான். எகிப்தில் மடம் மடமாகச் சுற்றியபோது, விருந்தாளியைக் கண்டவுடன் துறவிகள் நோன்பை முறித்துச் சேர்ந்து உண்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டு, ஒரு பெரியவரிடம் காரணம் கேட்டார். நோன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, நீங்கள் போய்விடுவீர்கள், நோன்பு என் விருப்பம், உங்களைக் கவனிப்பது கட்டளை என்ற பொருளில் பதில் வந்தது. இன்னொரு பெரியவர் கசியானை இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார். வயிறு நிறைந்துவிட்டது என்றார் கசியான். இன்று நான் ஆறாவது முறையாக இந்தப் பந்தியைப் போடுகிறேன், வந்த ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து தின்றேன், எனக்கு இன்னும் பசிக்கிறது, உனக்கு முதல் வேளையிலேயே போதும் என்கிறாயா என்று கிழவர் கேலி செய்தாராம்.

டாங்னி, பவுமைஸ்டர், பூன் மூவரும் 2004-இல் வெளியிட்ட தன்கட்டுப்பாட்டு அளவுகோலை இன்று உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். முழு வடிவில் 36 வாக்கியங்கள், சுருக்க வடிவில் 13. நானும் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரே நாளில் ஆறு முறை உட்கார்ந்து சாப்பிட்ட அந்தக் கிழவரிடம் அதைக் கொடுத்தால், உணவைப் பற்றிய இடங்களில் அவர் மதிப்பெண் மோசமாகத்தான் வரும்.